முப்பத்தாறு டெசிபல்

கிரிப்டோ மைனிங் பெட்டி ஒன்றை வீட்டுக்கு வாங்கியே தீருவேன் என்று கணவன் ஒற்றைக்காலில் நின்றபோது, அவள் முடியாது என்று சொல்லவில்லை. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வளையவருவான். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பான், பிறகு சமையலறையில் நின்றபடி பிஸ்கட் டப்பாவைக் காலி செய்வான். இந்த நாடகத்தையெல்லாம் அவள் நிறையப் பார்த்தாயிற்று. அதனால் சரி என்றாள், ஒரு நிபந்தனையோடு.

"வாங்கலாம். ஆனா சத்தத்த நான் அளந்து பார்த்து, சரின்னு சொன்ன பிறகுதான்."

அளப்பது அவள் தொழில். காது கேட்காதவர்களுக்குக் காது மெஷின் பொருத்தும் மையம் ஒன்றில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, 'கீ' என்று ஒலி விட்டு, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். யாருக்கு எந்த ஒலி எந்த அளவில் கேட்காமல் போகிறது என்று பார்த்து அதற்கேற்பக் கம்ப்யூட்டரில் மெஷினைத் திருத்துவாள். தெருவில் அவளுக்குக் காதுக்காரம்மா என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை உண்டு, இல்லை என்று அவள் சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட எத்தனை டெசிபல் என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள் என்பது கணவனின் கேலி.

கணவனுக்கு அச்சகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. பகல் முழுக்க அச்சு இயந்திரங்களின் இரைச்சலில் இருப்பவன். பக்கத்தில் ஒருவர் கத்தினால் கேட்கிறது என்றால் அவன் கணக்கில் அது அமைதியான இடம். அவனை நம்பிச் சத்தம் போடும் ஒரு சாமானை வீட்டுக்குள் விட முடியாது. அவன் மண்டையில் இந்த ஆசையை ஏற்றியது அச்சகத்தில் இருக்கும் ஒரு நண்பர். எதைப் பேசினாலும் நூற்றுக்கு இத்தனை என்றே பேசுவதால் அவருக்குச் சதவீதம் என்று பெயர். மைனிங் என்றால் என்ன என்று சதவீதம் விளக்கியதைக் கணவன் இவளுக்கு விளக்கினான். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெட்டிகள் ஓயாமல் ஓர் எண்ணைத் தேடுகின்றன. முதலில் கண்டுபிடிக்கும் பெட்டிக்குக் காசு விழும். தனியாகத் தேடினால் லாட்டரிச் சீட்டு மாதிரி, பலரோடு கூட்டுச் சேர்ந்து தேடினால் பொடிப்பொடியாகப் பங்கு வரும்.

"வரும் பங்கு கரண்ட் பில்லுக்குக் காணுமா?" என்று கேட்டாள்.

"காணாது. கொஞ்சம் கைய விட்டுப் போகும்" என்று உண்மையைச் சொன்னான். "காசுக்காக இல்லடி. நான் ஆபீஸ்ல பேப்பர் ரீம் எண்ணிட்டிருக்கும்போது, வீட்டுல என்னோடதுன்னு ஒண்ணு உலகத்தோட சேர்ந்து வேலை செஞ்சிட்டிருக்கும். அது போதும்."

இப்படிச் சொல்கிற மனிதனிடம் என்ன சண்டை போடுவது? அவளுக்கு அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது.

கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் சந்துக்கு இருவரும் ஒரு விடுமுறை நாளில் போனார்கள். அவள் கைப்பையில் மையத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த சத்தம் அளக்கும் மீட்டர். கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவது உள்ளங்கையில் அடங்கும். ஃபேன் கிடையாது, செல்போன் சார்ஜரில் ஓடும். கூட்டுச் சேரவும் முடியாது, தனியாகத் தேட வேண்டியதுதான், இந்த ஜென்மத்தில் எதையும் கண்டுபிடிக்காது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். கணவன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மூன்றாவது, எங்கோ ஒரு கிடங்கில் ஓடி ஓய்ந்த பழைய பெட்டி. பார்க்க இரும்பு டிரங்குப் பெட்டியின் தம்பி. கணவனின் கண் அதன்மேல்தான். மீட்டரை வைத்துவிட்டுப் போடச் சொன்னாள். போட்டார்கள். கடையின் தகரக் கதவு அதிர்ந்தது, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரோடு எழுந்து நின்று பார்த்தார்.

"அணைங்க, அணைங்க" என்றாள். "எழுபத்தெட்டு. இத வீட்டுல வச்சா நாம வெளியில போய்ப் படுக்கணும்."

"இதுதான்டி வேகம் ஜாஸ்தி" என்று கணவன் இழுத்தான்.

"விமானம்கூடத்தான் வேகம் ஜாஸ்தி. வீட்டுலயா வச்சுக்கறோம்?"

மிச்சம் இருந்தது நடுவிலிருந்த பெட்டி. தடித்த புத்தகம் அளவு, முதுகில் ஒரே ஒரு சின்ன ஃபேன், முகத்தில் ஒரு நீல விளக்கு. கரண்டும் அதிகம் தின்னாது. சந்தின் இரைச்சலில் அளந்தால் தப்பு வரும் என்று கடைக்காரரின் பின்கட்டு அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்தி, ஓரடி தள்ளி, மூன்றடி தள்ளி, பக்கவாட்டில் என்று மீட்டரை மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். பெட்டியை வாங்க வருகிறவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், கரண்டைக் கேட்பார்கள், அதன் குரலைச் சோதிக்க ஆள் வருவது இதுதான் முதல்முறை என்று கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

"மூணடியில முப்பத்தாறு. நூலகத்துல இருக்கிற சத்தம்தான்" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். கணவன் குழந்தையைத் தூக்குவதுபோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

வாங்கியாயிற்று, எங்கே வைப்பது என்பது அடுத்த பேச்சு. அவர்கள் வீடு ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சமையலறையில் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும். படுக்கையறையில் வைக்கலாம் என்று கணவன் சொன்னான்.

"வேண்டாங்க. சின்னச் சத்தம்னாலும் பக்கத்துல இருந்தா தூக்கம் வராது. குழந்தையும் அங்கதான படுக்கிறா" என்று அவளே சொன்னாள்.

ஆக, கூடம். அங்கே படுப்பது மாமா மட்டும்தான். கணவனின் அப்பா. பாய்லர் ஆபரேட்டராக வேலை பார்த்து, அந்த இரைச்சலுக்கே காதைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இரவு படுக்கும்போது காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார், பிறகு இடி விழுந்தாலும் தெரியாது. அவருக்கு என்ன தொந்தரவு என்று இருவரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்துச் சுவர் அலமாரியில், இன்டர்நெட் பெட்டியின் அருகில், புதுப்பெட்டி குடியேறியது.

மாமாவின் காது மெஷின் அவள் கைவேலை. அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மெஷின் மாட்டிய மாமாவுக்கு எல்லோர் பேச்சும் கேட்டது, பேத்தியின் பேச்சைத் தவிர. பேத்திக்கு ஏழு வயது. பக்கத்தில் இருப்பவருக்கே ரகசியம் சொல்வது போன்ற குரல். பள்ளிக்கூடத்தில் டீச்சர் தினமும் சத்தமா, சத்தமா என்று கெஞ்ச வேண்டும். அந்தக் குரலுக்காக அவள் மாமாவின் மெஷினை மாதக்கணக்கில் திருத்திக்கொண்டே இருந்தாள். உரத்த ஒலிகளை அப்படியே விட்டு, மெல்லிய ஒலிகளை மட்டும், அதிலும் கீச்சென்ற ஒலிகளை, தூக்கிக் கொடுக்கும்படி வைத்தாள். இரைச்சலைக் குறைக்கும் வசதி குழந்தையின் குரலையும் சேர்த்து விழுங்குகிறது என்று அதை அணைத்தே விட்டாள். ஒருநாள் பேத்தி என்னவோ முணுமுணுக்க, மாமா அதை வார்த்தை தப்பாமல் திருப்பிச் சொன்னார். அன்றைக்கு அவள் சமையலறைக்குப் போய் அழுதாள். அதன்பிறகு சாயங்காலமானால் பேத்தி பையை எறிந்துவிட்டுத் தாத்தாவின் நாற்காலிக்கு ஓடுவாள், அன்றைய பள்ளிக்கூடம் முழுக்க அங்கே ஒப்பிக்கப்படும். மையத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்திருக்கிறாள். தன் வேலையில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால் அந்த நாற்காலியைத்தான் காட்டுவாள்.

பெட்டியை ஓடவிட்ட அன்று, "மாமா, சத்தம் ஏதாவது தொந்தரவா இருக்கா?" என்று கேட்டாள்.

மாமா அலமாரியைப் பார்த்தார், வாய் கொள்ளாத சிரிப்போடு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலம்மா" என்றார்.

"பாத்தீங்களா? முப்பத்தாறு" என்று அவள் கணவனிடம் சொன்னாள்.

வீடு ஒழுங்காக ஓடியது. கணவன் அச்சகத்தில் இருந்துகொண்டே செல்போனில் பெட்டியின் நாடி பார்த்தான். வந்து சேர்ந்த பொடிப் பங்கைச் சதவீதத்திடம் காட்ட, அது ஒரு முழுக் கிரிப்டோ காசில் எத்தனை சதவீதம் என்று அவர் சொல்ல முயன்று, பூஜ்ஜியங்களில் மூச்சு வாங்கிப் பாதியில் நிறுத்தினார். மாமா எதற்கும் குறை சொல்லவில்லை. யார் என்ன சொன்னாலும் சிரித்தார், தலையாட்டினார். வயது ஏற ஏற மனிதர் கனிந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். டீ கொடுத்தாலும் தலையாட்டினார், டீ தீர்ந்துவிட்டது என்றாலும் அதே ஆட்டம்தான். காதுக்காரம்மாவுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஊரார் காதை நாளெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுக் காதைப் பார்க்கத் தெம்பில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பேத்தி சாயங்காலங்களில் நாற்காலிக்கு ஓடுவது குறைந்தது, பிறகு நின்றது. படுக்கையறையில் உட்கார்ந்து படம் வரைந்தாள்.

"தாத்தாகிட்ட போகலையா?" என்று ஒருநாள் அவள் மகளைக் கேட்டாள்.

"ப்ச். தாத்தாவுக்கு இப்பல்லாம் என் கதை பிடிக்கல" என்றது குழந்தை, பென்சிலைப் பார்த்தபடி.

குழந்தைகள் ஏதாவது சொல்லும் என்று அதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வார விடுமுறையில் பகலில் கரண்ட் போனது. கணவன் அச்சகத்துக்கு ஓவர்டைம் போயிருந்தான். அவள் சமையலறை வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அங்கிருந்து கூடம் தெரியும். ஃபேன் நின்றதும் மாமா மேலே பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். பெட்டியின் நீல விளக்கு அணைந்திருந்தது. உடனே சட்டைப் பையில் கையை விட்டார், இரண்டு காது மெஷின்களையும் எடுத்தார், அவசர அவசரமாக மாட்டிக்கொண்டார். கத்தியைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது.

"கண்ணு, இங்க வா. பள்ளிக்கூடத்துல என்ன விசேஷம்? சொல்லு சொல்லு" என்று மாமா கூப்பிட்டார்.

குழந்தை சந்தேகத்தோடுதான் வந்தது. தாத்தா குனிந்து கேட்டார், இடையிடையே கேள்வி கேட்டார், வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பில் ஒரு பையனின் ஆடிக்கொண்டிருந்த பல் பாட்டுப் பாடும்போது தெறித்து முன்வரிசைப் பெண்ணின் மடியில் விழுந்த கதை. குழந்தையின் கை, கால், கண் எல்லாம் கதை சொன்னது. டீச்சர் அந்தப் பல்லை என்ன செய்தார் என்ற இடத்துக்கு வந்தபோது கரண்ட் வந்துவிட்டது.

நீல விளக்கு எரிந்தது. மாமாவின் முகம் சுருங்கியது, பல்வலிக்காரன் ஐஸ் கடித்த மாதிரி. காதைச் சொறிவதுபோல் ஒரு பக்கத்தைக் கழற்றினார், பிறகு மறுபக்கத்தை. இரண்டும் பைக்குள் போயின. முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது, தலை ஆட ஆரம்பித்தது. குழந்தை இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னது. தாத்தாவின் முகத்தைப் பார்த்தது. நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சீலிங் ஃபேனின் சத்தம் தடித்த, தாழ்ந்த ஒலி, அதை மாமாவின் மெஷின் சட்டை செய்யாது. பெட்டியின் சின்ன ஃபேன் போடுவது மெல்லிய கீச்சுச் சத்தம். குழந்தையின் குரல் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில், அதே அளவில். மெல்லியதைத் தூக்கிக் கொடு என்று மெஷினுக்குச் சொல்லி வைத்தவள் அவளேதான். கிடங்குப் பெட்டி வந்திருந்தால் எல்லோருக்கும் வலித்திருக்கும், மறுநாளே திருப்பியிருப்பார்கள். பார்த்துப் பார்த்து, அளந்து அளந்து, மாமா ஒருவருக்கு மட்டும் வலிக்கிற பெட்டியாக வாங்கி வந்திருக்கிறாள். அதையும் தங்கள் தூக்கத்துக்காக அவர் தலைமாட்டில் வைத்தது வேறு. அவமானமாக இருந்தது. மையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் இந்தத் தப்பைச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

மாமா அருகில் போய் உட்கார்ந்தாள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினை மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினாள். மாமா திருட்டு முழி முழித்தார்.

"எத்தன நாளா மாமா இப்படி?"

"எப்படி?"

"மாமா..."

"பெட்டி வந்த அன்னைக்கே கழட்டிட்டேம்மா. நாள் முழுக்க காதுக்குள்ள அரைக்கிற மாதிரி இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

மாமா கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார். "நீ மீட்டர் வச்சு அளந்து சரின்னு சொன்ன. படிச்ச பொண்ணு, தொழில் தெரிஞ்சவ. அப்போ பெட்டி சரியாத்தான் இருக்கும், கோளாறு என் காதுலதான்னு நெனச்சேன். முத்திப் போச்சு போல, இனிமே இப்படித்தான்னு." துண்டைத் தோளில் போட்டார். "அப்புறம், அவனும் ஆசப்பட்டு வாங்கியிருக்கான். வாயத் தொறந்து எதையும் கேட்டு வாங்கத் தெரியாத பய. சின்னதுலேர்ந்தே அப்படி."

இனி பெட்டியைப் போட வேண்டாம் என்றாள். மாமா பதறிப்போனார். செல்போனில் பார்த்துவிட்டு மகன் பயந்துவிடுவான், போடும்மா, போடு என்று பிடிவாதம் பிடித்து அவரே பிளக்கைச் சொருகினார்.

சாயங்காலம் கணவன் வந்ததும், டீயைக் கொடுத்துவிட்டு அவள் ஒரு குழாயை எடுத்தாள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி இருக்கும். ஒரு நுனியில் காது மெஷினைச் சொருகி, மறுமுனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மெஷின் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பதற்கான சாமான். மாமாவிடம் ஒரு மெஷினை வாங்கிச் சொருகி, கணவன் காதில் மாட்டினாள்.

"மெஷின் சத்தத்தக் கம்மியாத்தான் வச்சிருக்கேன்" என்றாள்.

கணவன் முகத்தைச் சுளித்தான். "என்னடி இது? மையத்துலேர்ந்து பழுதான மெஷின எடுத்துட்டு வந்துட்டியா? ஒரே இரைச்சல்."

"உங்கப்பாவோடது. நல்லா வேலை செய்யுது. அந்த இரைச்சல் உங்க பெட்டி."

அவன் சிரிக்கப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். அவள் மகளைக் கூப்பிட்டு, அப்பாவிடம் ஏதாவது பேசு என்றாள். குழந்தை அப்பாவின் முன்னால் நின்று பேசியது. அவன் மகளின் உதடுகளையே பார்த்தான். குனிந்தான், இன்னும் குனிந்தான்.

"என்ன? என்ன சொல்ற?" என்று அச்சகத்தில் கத்துவதுபோல் கத்தினான்.

மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மகனின் முகத்தில் இருந்தது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியிலிருந்தபடியே, உதவி செய்கிற குரலில் சொன்னார்:

"கேக்கலேன்னா சும்மா தலையாட்டுடா. அவ சந்தோஷமா இருப்பா."

கணவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அலமாரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். அணைக்கும் முறை ஒன்று உண்டு, வெடுக்கென்று பிடுங்கக் கூடாது என்று அவளுக்கே பாடம் எடுத்தவன் அவன். நீல விளக்கு போயிற்று. குழாய் இன்னும் அவன் காதிலேயே இருந்தது.

"இப்போ சொல்லு" என்றான் மகளிடம்.

குழந்தை வழக்கமான குரலில்தான் சொன்னது. "தாத்தாவுக்கு ஏம்ப்பா என் கதை பிடிக்கல?"

அந்த வார்த்தைகள் அப்பாவின் மெஷின் வழியாக அவன் காதில் வந்து விழுந்தன. குழாயைக் கழற்றினான், மெஷினை உருவி, தன் கையாலேயே அப்பாவின் காதில் மாட்டப் பார்த்தான். பழக்கமில்லாத கை, இரண்டு தரம் நழுவியது. மாமா வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து மறுகாதில் மாட்டினார்.

"உங்ககிட்டதான்ப்பா கேக்கறா. பதில் சொல்லுங்க" என்றான்.

குழந்தை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டது. மாமா முதலில் அலமாரியைப் பார்த்தார், பிறகு மகனை. தலையாட்டவில்லை.

"கதை பிடிக்கும் கண்ணு. கேக்கத்தான் முடியல" என்றார். "வா, உக்காரு. சொல்லு."

"எதுலேர்ந்து சொல்றது?"

"அந்தப் பெட்டி வந்த அன்னைலேர்ந்து."